குனிந்து நுழையும் அரண்மனை

மதுரையில் திருமலை நாயக்கர் மகாலைப் பார்த்த கையோடு தெற்கே வருகிறவர்களுக்குப் பத்மநாபபுரம் அரண்மனை முதலில் ஏமாற்றத்தைத்தான் தரும். 1636-இல் எழுந்த அந்த மகாலில் தூண்களைப் பார்க்கவே அண்ணாந்தாக வேண்டும். தலைக்கு மேலே சுதை வேலை செய்த வளைவுகள், நடுவே ஊரையே நிறுத்தலாம் போன்ற முற்றம். இங்கேயோ, தக்கலையில் நெடுஞ்சாலையை விட்டு விலகி, கருங்கல் கோட்டைக்குள் நுழைந்து, பின்னால் வேளிமலை தெரிய நடந்து போனால் எதிரே இருப்பது ஓட்டுக் கூரைகளின் ஒரு கூட்டம். ஒன்றின் இறவாரம் இன்னொன்றின் தோளை இடிக்கிறது. நின்று படமெடுக்கத் தோதான முகப்பு என்று ஒன்றும் அகப்படாது. உள்ளே போனாலோ பல வாசல்களில் சற்று உயரமான ஆள் தலையைத் தாழ்த்தித்தான் ஆகவேண்டும். படிகள் குறுகலானவை. கைக்கு எட்டுகிற உயரத்தில் உத்திரம் ஓடுகிறது.

திருவிதாங்கூர் என்ற ஒரு ராஜ்யத்தின் தலைமையிடம் இவ்வளவு தாழ்வாகவா இருக்கும்? இந்தக் கேள்வியோடு சுற்றினால் அரண்மனை தன்னைத் திறந்து காட்டும். வழிகாட்டி சொல்லும் எண்ணிக்கைகளைப் பின்தொடர்ந்தால் அவ்வளவாகத் திறக்காது. கட்டில் இத்தனை மூலிகை மரத்தில் செய்தது, விதானத்தில் இத்தனை பூ, கடிகாரத்துக்கு இத்தனை வயசு என்று கேட்டுக்கொண்டே ஒரு மணி நேரத்தில் வெளியே வந்துவிடலாம்.

முதல் காரணம் வானம். கன்னியாகுமரி மாவட்டத்துக்கு இரண்டு பருவமும் உண்டு. வைகாசி பாதியில் தொடங்கும் இடவப்பாதியும் பெய்யும், ஐப்பசி மழையும் பெய்யும். மேற்குத் தொடர்ச்சி மலை தன் கடைசிக் கால்களை நீட்டி முடிக்கிற இடம் இது. மழை இங்கே நேராக விழுவதில்லை, காற்றோடு சாய்ந்து அடிக்கும். சாய்ந்து அடிக்கும் மழையில் உயரமான சுவர் நனைந்துகொண்டே இருக்கும். நனையும் சுவர் பாசி பிடிக்கும், காரை உதிரும். ஆகவே இந்த ஊர்த் தச்சன் சுவரில் தொடங்குவதில்லை. கூரையைத்தான் கட்டிடமாக நினைக்கிறான். அதை ஆள் உயரம்வரை இறக்கி, இறவாரத்தை வெளியே நீட்டி, அதன் நிழலுக்குள் சுவரை ஒளித்துவைக்கிறான். மதுரையில் வெயிலுக்காகக் கட்டினார்கள், இங்கே மழைக்காகக் கட்டினார்கள். சுதை வேலையைத் திறந்தவெளியில் நிறுத்துவது அங்கே நடக்கும். இங்கே அதே வேலையை வெளியே விட்டால் நாலு மழைக்காலம் தாங்குமா என்பது சந்தேகம்.

அந்த மலைதான் மரத்தையும் கொடுத்தது. தேக்கு, ஈட்டி, அயினி, பலா எல்லாம் கைக்கெட்டும் தொலைவில். நல்ல கருங்கல்லும் இதே மலையடிவாரத்தில் உண்டு, கோட்டைச் சுவரே சாட்சி. கல் இல்லாததால் மரத்துக்குப் போனார்கள் என்று சொல்லிவிட முடியாது. கல் இருந்தும் வாழும் இடத்துக்கு மரத்தைத் தேர்ந்தார்கள். கல் ஈரத்தைக் குளிராக்கித் திருப்பித் தரும். மரம் ஈரத்தில் கொஞ்சம் உப்பி, வெயிலில் கொஞ்சம் சுருங்கி, ஆளோடு சேர்ந்து மூச்சு விடும்.

ரசிகன் அண்ணாந்து பார்க்கவேண்டிய இடம் செதுக்கு விதானம் என்று எல்லாரும் சொல்வார்கள். எனக்கு அதற்கும் முன்னால் கழுக்கோல்கள். மோட்டில் ஓடும் மோந்தாயத்திலிருந்து சுவர்மேல் கிடக்கும் உத்திரம் வரை சரிந்து இறங்கும் மரச்சட்டங்கள்தான் கழுக்கோல்கள். நீளப் பக்கத்தில் அவை ஒன்றுக்கொன்று இணையாக வரும், அதில் பெரிய சிரமம் இல்லை. மூலைக்கு வரும்போது கதை மாறுகிறது. மூலையில் ஒரு கோடிக் கழுக்கோல் சாய்ந்து வரும், அதன் இரு பக்கமும் விசிறிபோல மற்றவை விரியும். ஒவ்வொன்றின் நீளமும் வேறு, சாய்வும் வேறு. இந்த அத்தனை கழுக்கோல்களையும் துளைத்துக்கொண்டு, கூரையைச் சுற்றி ஒரு மெல்லிய மரச்சட்டம் ஓடுகிறது. வளை என்பார்கள். கழுக்கோல்கள் பக்கவாட்டில் அசையாமல் பிடித்துவைப்பது அதுதான். நேர்க் கழுக்கோலில் அதற்கான துளையும் நேர்த்துளை. விசிறிக் கழுக்கோலிலோ, ஒவ்வொன்றிலும் துளை வெவ்வேறு சரிவில் போகவேண்டும். ஒரு துளை நூலிழை பிசகினால் வளை உள்ளே போகாது. கழுக்கோல்களைத் தரையில் வைத்துத்தான் அறுப்பார்கள், தரையில்தான் துளைப்பார்கள், பிறகே மேலே ஏற்றுவார்கள். மேலே ஏற்றிய பிறகு திருத்த வழியில்லை. ஓர் ஆசாரி தேர்ந்தவரா என்பதற்கு அந்தக் காலத்தில் இதைவிடக் கடினமான ஒரு பரீட்சை இருந்திருக்காது. சிற்பப் பூவில் ஓர் இதழ் பிசகினால் பார்ப்பவனுக்குத் தெரியாமலும் போகலாம், வளை பிசகினால் வீடே நிற்காது. ஆணி இல்லாத வேலை என்று வியந்து சொல்வார்கள். ஆணி இல்லாதது ஒரு வைராக்கியம் அல்ல. உப்புக்காற்றும் ஈரமும் உள்ள ஊரில் இரும்பு துருப்பிடிக்கும், துரு மரத்தைத் தின்னும். பொருத்துக்குப் பொருத்து மரத்தாலேயே கட்டிவிட்டால், ஒரு சட்டம் உளுத்தாலும் அதை மட்டும் உருவி வேறொன்றைச் செருகலாம். முழு வீட்டையே கழற்றி இன்னோர் இடத்தில் பூட்டவும் முடியும். சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில் உள்ள தட்சிணசித்ராவில் நிற்கும் கேரள வீடுகள் அப்படிக் கழற்றிக் கொண்டுவந்து நிறுத்தியவைதான்.

இந்த வேலைக்குப் பின்னால் ஓர் இலக்கணம் இருக்கிறது. மயமதம், மானசாரம் போன்ற பழைய நூல்கள் கோயிலையும் ஊரையும் வீட்டையும் ஒன்றாகப் பேசுகின்றன. மலையாளக் கரையில் அந்த மரபு கிளைத்து, தந்திரசமுச்சயம் கோயிலுக்கு என்றும், மனுஷ்யாலய சந்திரிகை மனிதர் வாழும் வீட்டுக்கு என்றும் ஆனது. திருமங்கலத்து நீலகண்டன் எழுதிய மனுஷ்யாலய சந்திரிகையை இன்றும் அந்தப் பக்கத்துத் தச்சர்கள் வேதமாக வைத்திருக்கிறார்கள். இந்த மரபில் அளவுக்கு அடிப்படை கோல். ஒரு கோல் என்றால் 24 அங்குலம், அதாவது தச்சு அங்குலம். இன்றைய கணக்கில் ஏறத்தாழ 72 சென்டிமீட்டர்.

எனக்கு இதில் பிடித்த இடம், எங்கே கணக்கைத் தொடங்குகிறார்கள் என்பது. நீளம் இவ்வளவு, அகலம் இவ்வளவு என்று நாம் தொடங்குவோம். தச்சன் சுற்றளவில் தொடங்குகிறான். சுற்றளவைக் கோலில் எடுத்து, மூன்றால் பெருக்கி எட்டால் வகுத்தால் மிஞ்சுவது யோனி. மீதி ஒற்றைப்படையில் நின்றால் கொள்ளலாம், இரட்டைப்படை ஆகாது. நாலுகட்டில் கிழக்குக் கட்டுக்கு 1, தெற்குக்கு 3, மேற்குக்கு 5, வடக்குக்கு 7. சுற்றளவு முடிவான பிறகே அதை நீளமாகவும் அகலமாகவும் பிரிப்பார்கள். இதில் சோதிடம் எத்தனை பங்கு, கணிதம் எத்தனை பங்கு என்று வாதம் செய்யலாம், எனக்கு அதில் அக்கறை இல்லை. விளைவைப் பாருங்கள். நினைத்த அளவெல்லாம் எடுக்க முடியாது, சில சுற்றளவுகளுக்குத்தான் அனுமதி. ஆகவே இன்று ஒரு கட்டும், அறுபது வருஷம் கழித்து வேறொரு தலைமுறைத் தச்சன் ஒட்டிக் கட்டும் இன்னொரு கட்டும் ஒரே குடும்பத்து அளவுகளாகவே அமைந்துவிடும். பத்மநாபபுரம் ஒரே மூச்சில் எழுந்த அரண்மனை இல்லை. 1601 வாக்கில் இரவிவர்ம குலசேகரப் பெருமாள் காலத்தில் தொடங்கியது என்பார்கள். இதன் பழைய பகுதியான தாய்க்கொட்டாரம் அதற்கும் முந்தியது என்றும் சொல்வதுண்டு. பிறகு சுமார் இருநூறு வருஷம் ஆளாளுக்குச் சேர்த்துக்கொண்டே போயிருக்கிறார்கள். தளங்கள் ஏறி இறங்குகின்றன, இடைகழிகள் வளைகின்றன. ஆனாலும் ஒட்டுப்போட்டதாகத் தோன்றுவதில்லை. வரைபடம் போட்டு ஒருவர் ஆண்டு நடத்தியதால் வந்த ஒருமை இல்லை இது. ஒரே கோலையும் ஒரே கூரைச் சரிவையும் எல்லாரும் மதித்ததால் வந்தது.

தாய்க்கொட்டாரத்தில் இதன் மூல வடிவம் இருக்கிறது. நான்கு கட்டு, நடுவில் வானம் பார்த்த முற்றம். வாஸ்து மண்டலத்தின் நடுப்பகுதி பிரம்மனுக்கு உரியது என்று எதையும் கட்டாமல் விட்ட இடம் அது. மழை நேரே அதில் இறங்கி வடிந்து போகும், சூடு அதன் வழியே மேலேறும். பக்கத்தில் ஒற்றைப் பலா மரத்தில் கடைந்த தூண் ஒன்று நிற்கிறது. அடி முதல் முடி வரை வேலைப்பாடு. பலா சாதாரணமாக அடக்கமான மரம், தேக்குபோலப் பகட்டாது. வயதாக ஆக மஞ்சள் கறுத்துத் தேன் நிறமாகும். இந்தச் சீமையின் அரசியல் கதையிலும் ஒரு பலா உண்டு. எட்டுவீட்டுப் பிள்ளைமார் என்ற பிரபுக்கள் துரத்தியபோது இளம் மார்த்தாண்ட வர்மா நெய்யாற்றின்கரையில் ஒரு பலா மரப் பொந்தில் ஒளிந்து தப்பினார் என்பது ஐதீகம். அம்மச்சிப் பிலாவு என்று அந்த மரத்தை இன்றும் காட்டுகிறார்கள்.

அந்த மார்த்தாண்ட வர்மாவிடம்தான் இந்தத் தாழ்வின் இரண்டாவது காரணம் இருக்கிறது. 1729-இல் பட்டத்துக்கு வந்தவர். மருமக்கத்தாயப்படி பட்டம் சகோதரியின் மகனுக்குத்தான். அதை ஏற்காத முந்திய அரசரின் மகன்களையும் பிரபுக்களையும் ஒடுக்கினார், அண்டைச் சிற்றரசுகளை விழுங்கினார். 1741 ஆகஸ்டில் குளச்சலில் டச்சுக்காரர்களைத் தோற்கடித்து, அவர்களுடைய தளபதி டிலனாயைப் பிடித்தார். பிடித்தவரையே தம் படைக்குப் பயிற்சியாளராக வைத்துக்கொண்டார். டிலனாயின் கல்லறை பக்கத்திலேயே உதயகிரிக் கோட்டையில் இருக்கிறது. லத்தீனும் தமிழும் பொறித்த கல். கல்குளம் என்றிருந்த பெயரைப் பத்மநாபபுரம் என்று மாற்றியதும், மிளகு வாணிகத்தை அரசின் கையில் கொண்டுவந்ததும் இவர்தான்.

இத்தனை கைவலுவுள்ள ஓர் அரசர் என்ன கட்டியிருப்பார் என்று எதிர்பார்ப்போம்? ஐரோப்பாவில் அதே நூற்றாண்டு அரசர்கள் கட்டியதை நினைத்துப் பாருங்கள். 1750-இல் இவர் திருவிதாங்கூர் ராஜ்யம் முழுவதையும் திருவனந்தபுரத்துப் பத்மநாபசுவாமிக்கு எழுதிவைத்தார். திருப்படிதானம் என்று அதற்குப் பெயர். அன்று முதல் அரசர் பத்மநாபதாசர், ஆளுவது ஆண்டவன், இவர் ஊழியக்காரர். அந்தக் காலத்தை ஒட்டி எழுந்த உப்பரிகை மாளிகையில் அந்த ஏற்பாடு மரமும் காரையுமாக நிற்கிறது. நாலு அடுக்கு. அடியில் கருவூலம். அதற்கு மேல் அரசரின் படுக்கை அறை. டச்சுக்காரர் கொடுத்ததாகச் சொல்லும் மூலிகை மரக் கட்டில் இங்கேதான் கிடக்கிறது. அதற்கு மேல் அரசர் தவமும் விரதமும் இருந்த அறை. உச்சியில் உள்ள அறையில் யாரும் படுப்பதில்லை, அது பத்மநாபனின் பள்ளியறை. வீட்டிலேயே உயரமான அறையை வீட்டுக்காரர் பயன்படுத்தாமல் விட்டிருக்கிறார். தந்திரமான பக்தி என்றும் இதைச் சொல்லலாம். கடவுளின் சொத்தை எதிர்த்துக் கிளர்ச்சி செய்ய எந்தப் பிரபு துணிவான்? இருந்தாலும் அந்தத் தந்திரம் கட்டிடத்தில் பகட்டாக வெளிப்படாமல் அடக்கமாக வெளிப்பட்டது என்பதுதான் எனக்கு முக்கியம்.

அந்த உச்சி அறையின் சுவர் முழுக்க ஓவியம். அனந்தசயனம், சிவன், கண்ணன் என்று ஒருவர் தோளில் ஒருவராக நெருங்கி, இடைவெளியே இல்லாமல் நிறைந்து நிற்கிறார்கள். காவிச் சிவப்பு, காவி மஞ்சள், அவுரி கலந்த பச்சை, விளக்குக் கரியின் கறுப்பு. வெள்ளைக்குத் தனி நிறம் இல்லை, சுண்ணாம்புச் சுவரையே தீட்டாமல் விட்டால் வெள்ளை. பொதுவாகப் பார்வையாளர்களை அங்கே ஏற்றுவதில்லை. அது நல்லதற்குத்தான். மூச்சுக் காற்றின் ஈரமே அந்தச் சுவருக்குப் பகை. கீழே நடமாடும் அறைகளில் சுவர்கள் அனேகமாக வெறுமையாக இருப்பதைக் கவனித்துவிட்டு இந்த ஓவியங்களை நினைத்தால், நிறத்தைக் கூடக் கடவுளுக்கு என்று எடுத்துவைத்துவிட்டார்கள் என்று தோன்றும். மனிதருக்கு ஒதுக்கியது மரத்தின் பழுப்பும் தரையின் கறுப்பும் சுண்ணாம்பின் வெள்ளையும்.

அந்தத் தரையைப் பற்றி ஒரு வார்த்தை. சுட்ட சிரட்டைக் கரி, சுண்ணாம்பு, முட்டை வெள்ளை, செடிச் சாறுகள் என்று அதன் கூட்டைச் சொல்வார்கள். பக்குவம் என்னவோ, தேய்த்து மெருகேற்றி முகம் தெரியும்படி வைத்திருக்கிறார்கள். கால் வைத்தால் குளிர்ச்சி. எல்லாரும் அதன் பளபளப்பைப் பார்த்து வியந்துவிட்டுப் போகிறார்கள். அது எதற்காகப் பளபளக்கிறது? இறவாரம் இவ்வளவு தாழ்ந்து இறங்கினால் வானத்து வெளிச்சம் உள்ளே வராது. வருவதெல்லாம் முற்றத்து மணலிலும் கல்லிலும் பட்டுத் திரும்பிய வெளிச்சம், கீழேயிருந்து கிடைமட்டமாக அழிகளின் வழியே நுழைவது. அதை இந்தக் கறுப்புத் தரை வாங்கி மேலே அனுப்புகிறது. நுழைவு மண்டபமான பூமுகத்தின் விதானத்தில் செதுக்கிய தாமரைகளும் மற்றப் பூக்களும் தொண்ணூறு வகை என்று எண்ணிச் சொல்வார்கள். அவற்றின் இதழடியில் விழும் மெல்லிய ஒளி தரையிலிருந்து போனது. அதனால் நிழல் இதழுக்கு மேல்பக்கம் விழுகிறது, பூக்கள் தொங்காமல் மிதக்கின்றன. டியூப் லைட் வெளிச்சத்தில் எடுத்த புகைப்படங்களில் அவை மரத்துண்டுகளாகத் தெரிவது இதனால்தான். இந்த அரண்மனையைப் படத்தில் பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

பூமுகத்துக்கு மேல்தளம் மந்திரசாலை. அரசர் அமைச்சர்களோடு ஆலோசித்த அறை. நாற்பது பேர் உட்கார்ந்தால் நெருக்கும் என்று தோன்றும் அளவுதான். ஜன்னல்களில் நிறமுள்ள அப்பிரகம் பதித்திருக்கிறார்கள், வெயில் அதில் வடிந்து மங்கிச் சாய்கிறது. மரச்சட்டங்களின் இடுக்கில் காற்று வரும், வெளியே நடப்பது உள்ளிருந்து தெரியும், உள்ளே இருப்பது வெளியே தெரியாது. குரலை உயர்த்திப் பேசினால் அசிங்கமாக ஒலிக்கும் அறை. ராஜ்யத்தின் பெரிய முடிவுகளை மெல்லப் பேசித் தீர்க்கும்படி ஒரு தச்சன் கூரையின் உயரத்தாலேயே பணித்திருக்கிறான்.

மரத்தின் இந்த உலகத்துக்கு நடுவே திடீரென்று கல் வருகிறது. நவராத்திரி மண்டபம். தூண், உத்திரம், கூரைப் பலகை எல்லாம் கருங்கல். தூண்களில் விளக்கேந்திய பெண்கள். கிழக்கே பாண்டி நாட்டுக் கோயில்களில் பழகிய கை இது. சுசீந்திரம் தாணுமாலயன் கோயிலில் உழைத்த மரபு இங்கும் தொடர்ந்திருக்கவேண்டும். வரலாறு இதில் ஒரு வேடிக்கை செய்திருக்கிறது. 1630-களில் திருமலை நாயக்கரின் படை வேணாட்டின் மேல், அதாவது பழைய திருவிதாங்கூரின் மேல், வந்தது. கணியாகுளத்துப் போரில் வேணாட்டுப் படைத்தலைவர் இரவிக்குட்டிப்பிள்ளை வீழ்ந்தார். அந்தச் சோகத்தை இந்தப் பக்கத்து மக்கள் கதைப்பாடலாகப் பாடிப் பாடி வைத்திருக்கிறார்கள். நாயக்கர் படை திரும்பிப் போய்விட்டது, நாயக்கர் காலத்துத் தூண் மட்டும் எல்லை கடந்து வந்து அரண்மனைக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டது. ஏன் இங்கே மட்டும் கல்? பக்கத்திலேயே சரஸ்வதி கோயில், இது பாட்டுக்கும் ஆட்டத்துக்குமான இடம். தாளம் போடும் பாதத்துக்கும் மிருதங்கத்துக்கும் கல் கொடுக்கும் பதில் மரத்தில் கிடைக்காது. அரச குடும்பத்துப் பெண்கள் மரச் சட்டத்தின் துளை வழியே பார்த்தார்கள். ஆக, பாடுபவருக்குக் கல், கேட்பவருக்கு மரம். கல் மண்டபம் அளவில் மட்டும் இந்த வீட்டின் தாழ்வை மீறவில்லை. சுசீந்திரத்துப் பிராகாரத்தின் நீளமும் உயரமும் பழகிய கல்தச்சன் இங்கே வந்து தன் கையைச் சுருக்கிக்கொண்டிருக்கிறான்.

ஆண்டுதோறும் நவராத்திரிக்கு இங்கிருந்து சரஸ்வதியும், வேளிமலைக் குமாரசுவாமியும், சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் திருவனந்தபுரத்துக்கு ஊர்வலமாகப் போகிறார்கள். புறப்படும் முன் உப்பரிகை மாளிகையில் அரசரின் உடைவாளைக் கைமாற்றுகிறார்கள். களியக்காவிளையில் கேரள எல்லை தொடங்குகிறது, இரு மாநிலக் காவலர்களும் அணிவகுக்கிறார்கள். தலைநகரம் 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் திருவனந்தபுரத்துக்குப் போய்விட்டது. 1956 நவம்பர் 1 அன்று கல்குளம் தாலுகா சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. அரண்மனை மட்டும் கேரள அரசின் தொல்லியல் துறையிடமே நிற்கிறது. சுற்றிலும் தமிழ்நாடு, உள்ளே மலையாளப் பலகை. இதைப் பற்றிக் கோபப்படுகிறவர்கள் இரு பக்கமும் உண்டு. தலைநகரம் போனது இந்த வீட்டுக்கு நன்மையாகத்தான் முடிந்தது என்பேன். அதிகாரம் தங்கியிருந்தால், 19-ஆம் நூற்றாண்டில் இதை இடித்துவிட்டு வெள்ளைக்காரப் பாணியில் ஒன்றை எழுப்பியிருப்பார்கள். அப்படி ஒரு சின்ன முயற்சி நடக்கவும் செய்திருக்கிறது. விருந்தினர்களுக்கென்று கட்டிய இந்திரவிலாசம், உயர்ந்த கூரையும் பெரிய ஜன்னலுமாக நிற்கிறது. அதைப் பற்றி வேறு சொல்ல ஒன்றும் இல்லை. ஆயிரம் பேருக்குப் பந்தி போட்ட ஊட்டுப்புரையையும் அதன் சீனச் சாடிகளையும் கடந்து போகும்போதும் நான் அதிகம் நிற்பதில்லை. அளவு பெரிதாகும்போது இந்தத் தச்சு மரபுக்கு ஏனோ சுரத்து குறைகிறது. கூட்டத்தில் ஒருவராவது, 'மணிச்சித்ரத்தாழு' எடுத்த இடம் எது என்று வழிகாட்டியைக் கேட்பார். கேட்கட்டும், அந்தப் படத்தின் இயக்குநர் இந்த இடைகழிகளின் இருட்டைச் சரியாகப் புரிந்துகொண்டவர்.

தாழ்வு, அடக்கம் என்று இவ்வளவு பேசிய பிறகு ஒன்றைச் சொல்லாமல் போனால் அது பொய் ரசனை. அரசர் ஆண்டவனுக்கு முன் குனிந்தார், ஊரில் பலரை வேறு விதமாகக் குனியவைத்தார். ஓடு வேய, மாடி எடுக்கச் சாதியைப் பார்த்து அனுமதி கொடுத்த காலம் அது. மனை இலக்கணமும் சாதிக்குச் சாதி அளவு வகுத்தது. இதே கல்குளம் பகுதியில்தான் 1822-இல் தோள்சீலைக் கலகம் மூண்டது. பெண்கள் மார்பை மூடும் உரிமைக்காக 1859 வரை போராடவேண்டியிருந்தது. கோயில் வாசல் எல்லாருக்கும் திறக்க 1936 ஆயிற்று. கழுக்கோலைத் துளைத்த ஆசாரிக்கே அவன் பூட்டிய கூரையின் கீழ் எதுவரை இடம் இருந்தது என்று நினைக்காமல் பூமுகத்தில் நிற்க என்னால் முடிவதில்லை. இன்று அங்கே எல்லாரும் சீட்டு வாங்கிக்கொண்டு நுழைகிறார்கள், எல்லாருடைய தலையும் ஒரே வாசலில்தான் இடிக்கிறது.

போவதானால் மழை மாதத்தில் போங்கள். திங்கட்கிழமை விடுமுறை. கூட்டத்தின் கடைசி ஆளாக நடந்தால், வழிகாட்டி அடுத்த அறைக்கு நகர்ந்த பிறகு கழுக்கோல்களை எண்ண நேரம் கிடைக்கும்.

வெளியே வந்து கோட்டைக்குள் இருக்கும் தெருக்களையும் ஒரு சுற்று பார்க்கலாம். ஓட்டு வீடுகள் குறைந்து கான்கிரீட் வீடுகள் பெருகியிருப்பது எல்லா ஊரும்போல இங்கும் நடந்ததுதான். ஆனால் தக்கலையிலிருந்து திருவனந்தபுரம் வரை நெடுஞ்சாலையோரம் பார்த்துக்கொண்டே போனால் இன்னொன்று தெரியும். மொட்டைமாடி போட்டுக் கட்டிய வீடுகளின்மேல், இரும்புக் குழாய்களை நிறுத்தித் தகடு வேய்ந்த சரிவுக் கூரைகள் ஏறியிருக்கின்றன. இடவப்பாதியில் மாடி ஒழுகி, பூச்சு வேலை செய்து பார்த்து, அதற்கும் அடங்காமல் கடைசியில் சரிவுக்கே திரும்பியிருக்கிறார்கள். சரிவு வந்துவிட்டது, கோல் கணக்கு வரவில்லை. மோடு எங்கோ உயரத்தில் நிற்கிறது, இறவாரம் ஒரு சாண்கூட வெளியே நீளவில்லை. சாய்ந்து அடிக்கும் மழை அந்த இடைவெளி வழியே நுழைந்து சுவரை நனைத்துக்கொண்டுதான் இருக்கிறது.